சாக வேண்டிய மூன்று குப்பிகள்

திங்கள்கிழமை காலை குப்பிகளை வெளியே எடுத்துப் பார்த்தேன். சாக வேண்டிய செல்கள் சாகவில்லை.

கேட்கிற அளவுக்கு இது கொடூரம் இல்லை, சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது எங்கள் ஆய்வகம். மாட்டுத் தடுப்பூசி செய்கிறவர்களுக்காக எலியின் செல்களைக் குப்பிகளில் வளர்த்துக் கொடுப்போம். அவை சும்மா வளராது. கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊற்ற வேண்டும். அதிலிருக்கும் வளர்ச்சிக் காரணி கிடைத்தால்தான் இந்தச் செல் மகாராணிகள் பெருகுவார்கள். ஐரோப்பாவில் மாடுகளுக்குப் பைத்திய நோய் வந்த பிறகு சீரம் என்றாலே எல்லோருக்கும் பயம். அதனால், அந்தக் காரணியைச் செல்லே சுரந்துகொள்ளும்படி அதற்குள் ஒரு மரபணுவைப் புகுத்தினேன். இரண்டு வருட வேலை. 2001 ஏப்ரலுக்குள் பலன் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

சோதனைக்கு ஆறு குப்பிகள். மூன்றில் என் செல்கள். மூன்றில் மரபணு புகுத்தாத சாதாரணச் செல்கள். ஆறுக்கும் சீரம் கிடையாது; மூன்று வாரம் கழித்துத்தான் எடுத்துப் பார்ப்பது. சாதாரணம் செத்து என்னுடையது பிழைத்தால்தான் ஜெயம். செல்கள் தின்று வளர்ந்தால் குப்பியிலுள்ள சிவப்புத் திரவம் மஞ்சளாகும். அன்றைக்கு ஆறும் மஞ்சளாக இருந்தன.

"சரோஜம்மா, இந்த ஆறையும் தொட்டீங்களா?"

சரோஜம்மா எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றக் குப்பிகளுக்குச் சீரம் ஊற்றுவதும் அவர்தான். நானே பழக்கிவிட்டது. கை அவ்வளவு சுத்தம். என்னை மலையாளத்தில் 'மோளே', மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"ஒரு சொட்டுதான் ஊத்தினேன், மாரி மோளே. பாவம் தோணிச்சு. மத்ததுக்கெல்லாம் சோறு போட்டுட்டு இந்த ஆறை மட்டும் எப்படி விடறது? பந்தியிலே ஆறு பேரை விட்டுட்டு வெளம்புவாங்களா?"

"எத்தனை ஞாயிறா இது நடக்குது?"

"மூணு."

மூன்று வாரம் பாழ்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்களை யாரு பாவம் பார்க்கச் சொன்னா? தொடாதீங்கன்னா தொடக் கூடாது! இனிமே இந்தப் படி ஏறாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். "பிளாஸ்க்கிலே சாயா இருக்கு. ஆறும் முன்னே குடிச்சிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தச் சாயாவைத் தொட்டியில் கொட்டினேன். என் கோபம் அப்படிப்பட்டது.

முதலாளியிடம் கெஞ்சி இன்னொரு மாதம் வாங்கினேன். புதிதாக ஆறு குப்பிகள். ஞாயிறும் நானே போனேன். தென்காசியிலிருந்து இந்த ஊருக்கு வந்து ஆறு வருடமாகிறது. என்னைச் 'சாப்பிட்டியா' என்று கேட்ட ஒரே வாய் அவருடையது என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று குப்பி சாகத்தான் வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை என்பதும் உறைத்தது. ஒரு ஞாயிறு, குப்பிகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து, "என்ன, பசிக்குதா?" என்று குப்பியிடம் கேட்டுவிட்டேன். நல்ல வேளை, யாரும் இல்லை. யாரும் இல்லாததுதான் பிரச்சினையே.

இருபத்தோராம் நாள் மூன்று குப்பிகள் சிவப்பு, மூன்று மஞ்சள். என் செல்கள் தாமே சுரந்து, தாமே தின்று, இடம் கொள்ளாமல் பெருகியிருந்தன. "அடி சக்கை!" என்று கூவினேன். திரும்பிப் பார்க்க ஆளில்லை. முதலாளிக்குப் போன் செய்தேன். "வெரி குட், ரிப்போர்ட் அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

நேரே சரோஜம்மா வீட்டுக்கு நடந்தேன். மன்னிச்சிருங்க, திரும்பி வாங்க, நீங்க இல்லாம என்னால முடியல. இதைத்தான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் வாசலில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அதுங்க பிழைச்சுதா மோளே?" என்றார். ஒரு முகக்கோணல் இல்லை.

"மூணு பிழைச்சுது. மூணு சாகணும்னுதான் வச்சேன். அதை உங்ககிட்ட சொல்லியிருக்கணும். என் தப்பு."

"சாகவா வச்சே?" கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டார். "செரி. பிழைச்சதுக்கு ஆரு சோறு போட்டா?"

"யாரும் போடல. அதுங்களே பாத்துக்கும். இனிமே ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து ஊத்த வேண்டிய வேலையே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது.

அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "நல்ல காரியம் மோளே! அப்போ இனி ஆரும் வேண்டாம், இல்லே?"

எனக்கு நீங்க வேணும் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"ரிப்போர்ட் எழுதணும், வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.