நாற்பத்தொன்பதாம் நாள் வரை ஒரே கம்பெனி

ஒரு சுரங்கப்பாதைக்காக மட்டும் இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்திருந்தன. வேலை முடிந்தால் கூட்டும் முடிந்தது. மகியேயின் கணவர் இசோபே சின்ன கம்பெனி ஆள், நிராசாவா பெரிய கம்பெனி ஆள். மலையை வடக்கிலிருந்து ஒருவரும் தெற்கிலிருந்து ஒருவரும் குடைந்து வந்தார்கள். நான்கு வருடம் ஒரே தகரக் கொட்டகையில், ஒரே பச்சைச் சீருடைச் சட்டையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பாதையை அரசிடம் ஒப்படைத்த மறு வாரம், கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்த காலையில் இசோபே தன் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். இருதயம். அறையில் இருந்தது நிராசாவா மட்டும்.

அந்தக் கடைசி நேரம் எப்படிப் போனது என்று மகியேக்குத் தெரிய வேண்டும். அடக்கத்தன்று கூட்டத்தில் கேட்க முடியவில்லை. இறந்தவருக்கான நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு நிராசாவா வருவார், கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

மூன்று நாள் முன்பு கணவரின் கம்பெனியிலிருந்து ஹதா தொலைபேசியில் அழைத்தான்.

"நிராசாவா சானை எதிர்பார்க்காதீங்க. அடுத்த அணைக்கு டெண்டர் விட்டாச்சு. அவங்களும் கேக்கறாங்க, நாங்களும் கேக்கறோம். நாங்களும் அவரும் பாத்துக்கிட்டாலே, பேசி வச்சு விலை போட்டாங்கன்னு ஆயிடும்."

"நான் என்ன விலை போடப்போறேன், ஹதா சான்?"

"நாங்க வர்றோமில்ல. அதான் சிக்கல்."

சடங்கன்று புத்தத் துறவி ஓதி முடித்துக் கிளம்பும்போது நிராசாவா வந்தார். கறுப்புக் கோட்டுக்கு மேல் அதே பச்சைச் சட்டை. ஹதா எழுந்து வாசலை மறித்தான்.

"சார், நீங்க வரக்கூடாது."

"கூட்டைக் கலைக்கற தாள்ல என் முத்திரை இன்னும் விழல. அதுவரை நீயும் நானும் ஒரே கம்பெனி. தள்ளு."

"அந்தத் தாளை ஒரு மாசமா தேடறாங்க!"

"என் பையில இருக்கு. அது வந்து சேரலன்னுதான் டெண்டர் வேலையிலேர்ந்து என்னத் தூக்கிட்டாங்க. நல்லதாப் போச்சு, இனி யாரையும் பாக்கலாம்."

ஹதா வழிவிட்டான். மகியே தேநீர் வைத்தாள். கணவரின் கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் சந்திச்ச இடத்துல பதினோரு மில்லிமீட்டர் விலகியிருந்துச்சு," என்றார் நிராசாவா. "அன்னிக்கும் எங்க பக்கத் தப்புன்னார் இசோபே. இல்லன்னேன். அளவு நோட்டை எடுத்துப் பக்கம் திருப்பினார். 'இரு, காட்டறேன்'னார். அவ்வளவுதான்."

"வலிச்சுதா?"

"தெரியல. ஜெயிக்கப்போற முகமாத்தான் இருந்துச்சு."

மகியே அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள்.

"யார் பக்கத் தப்பு?"

"மறுநாள் நோட்டைப் பாத்தேன். எங்க பக்கம்தான்."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்," என்று அவள் கணவரின் படத்தின் முன்னிருந்த உட்காரும் மெத்தையை நேராக்கிப் போட்டாள்.

நிராசாவா அதில் மண்டியிட்டு உட்கார்ந்தார். படத்தைப் பார்த்து விவரமாக, எண்களோடு ஒப்புக்கொண்டார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, அங்கேயே முத்திரையிட்டார்.