பத்தாவது ஆள்

எங்கள் வகுப்பில் எலெக்டிவ் எடுப்பதற்கு ஒரே விதிதான். எந்த சார் மார்க்கை அள்ளிப் போடுவாரோ, அவர் பாடம்தான் எல்லாருக்கும் விருப்பப் பாடம். சிவில் மூன்றாம் ஆண்டில் அந்த மகான் நடத்தியது தர மேலாண்மை. வாட்ஸ்அப் குழுவில் காலையில் முடிவாகி, மத்தியானத்துக்குள் பாதி வகுப்பு பதிவு செய்துவிட்டது.

தமிழ்மாறனுக்கு மட்டும் நில மீட்புப் பாடம் வேண்டும். சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்ணில் மறுபடி விளைய வைப்பது எப்படி என்று சொல்லித் தரும் பாடம். கம்மாபுரம் பக்கம் அவன் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது மண்மேடுதான் நிற்கிறது.

"அந்த மேட்டுல என்னிக்காவது எதனா மொளைக்க வெக்கணும்" என்பான்.

பத்துப் பேராவது சேர்ந்தால்தான் பாடம் நடக்கும். அதனால் கேன்டீன், பஸ், லேப் என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கெஞ்சினான். எனக்கு வடை வாங்கிக் கொடுத்தே கேட்டான். வடையைத் தின்றுவிட்டு மாட்டேன் என்றேன். எனக்கு மார்க் வேண்டும், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

தேவயானியிடம் மட்டும் அவன் கேட்கவே இல்லை.

தேவயானி என் பக்கத்து சீட். முதல் வருஷத்திலிருந்து அவன் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்குத்தான் போகும். அவளுக்கு அவன்மேல் உயிர். ரெண்டு பேரும் வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"கேட்டா உடனே சேர்ந்துடுவேன்டி" என்றாள்.

"கேக்காமயே சேர வேண்டியதுதானே?"

"கூப்பிடாம எப்படிடி போய் நிக்கிறது?"

அது அவள் வீட்டு வளர்ப்பு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். இங்கே எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், பிளாக் பிளாக்காகப் போய்ப் பத்திரிகை வைத்தால்தான் விசேஷம். வாசலுக்கு வந்து அழைக்காவிட்டால் எதிர்வீட்டுக் கல்யாணமானாலும் அவள் அப்பா போக மாட்டார்.

கடைசி நாள் முழுக்க லைப்ரரி வாசலில் போனும் கையுமாக நின்றாள். அவன் அந்த வழியாகவே போனான், வந்தான். "சாப்ட்டியா?" என்று சிரித்தான். அவ்வளவுதான். பதிவு மூடப்போகும் நேரத்தில் கோபத்தில் தர மேலாண்மையை அழுத்தினாள். எனக்கு அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். நில மீட்புக்கு ஒன்பது பேர், பாடம் ரத்து.

தமிழ்மாறன் நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தான். "நீ போடலையா?" என்றான் அவளிடம்.

"நீ கேக்கலையே. ஊரையே கேட்ட, என்னை மட்டும் விட்டுட்ட."

அவன் புரியாமல் பார்த்தான். "உன்ன எதுக்கு கேக்கணும்? உன்ன சேத்துதான் பத்துன்னு நெனச்சிகினு இருந்தேன். எங்கூர்ல சொந்த வூட்டு ஆளுக்கு யாரு பத்திரிகை வெப்பா? கூட வந்து ஊருக்கு வெக்கிறதே அவங்கதான்."

அவன் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவளும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அதைச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இப்போது எல்லாரும் ஒரே வகுப்பில்தான் தர மேலாண்மை படிக்கிறோம். சார் மார்க்கை அள்ளித்தான் போடுகிறார். டிபன் பாக்ஸ் மட்டும் எங்கள் பெஞ்சுக்கு வருவதில்லை. பஸ் மண்மேட்டைத் தாண்டும்போது அவன் அதைப் பார்க்கிறான், இவள் அவனைப் பார்க்கிறாள்.

தை மாதம் அவன் அக்காவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தேவயானி வீட்டில் இருந்தபோது காலிங் பெல் அடித்தது. வாசலில் அப்பா அம்மாவோடு தமிழ்மாறன் நின்றான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"குடும்பத்தோட வந்துடணுங்க" என்றான் அவள் அப்பாவிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீயும் கண்டிப்பா வரணும்" என்றான்.

அவர்கள் படியிறங்கியதும், "முறையா வந்து அழைச்சிருக்கான், நல்ல பையன்" என்று அவள் அப்பா பத்திரிகையை டிவி மேல் வைத்தார்.

தேவயானி என்னை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னைக் கூப்பிட்டுட்டான்டி" என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.