பஹ்ரைன் வரை ஓடிய இரவல் கார்

கார் வைத்திருக்கும் மருமகன் என்ற பட்டத்தைப் பளீல் பல வருசமாகத் தனியாக அனுபவித்து வந்தான். அவனுடைய மொறிஸ் மைனர் கல்முனையில் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்கு ஓடியது. மாமியார் சல்மா உம்மா மட்டும் சும்மா ஏறுவார். பதிலுக்கு, அந்த வீட்டில் மீன் தலை எப்போதும் பளீலின் பீங்கானுக்குத்தான் வரும்.

பட்டத்துக்கு ஆபத்து சவூதியிலிருந்து லீவில் வந்தது. பெயர் ஷரிபுதீன். மாமியின் இளைய மகளைக் கட்டியவன். போகும்போது சைக்கிள்கூட ஒழுங்காக மிதிக்கத் தெரியாதவன் என்பது பளீலின் அபிப்பிராயம்.

வந்த அன்றே சோற்றைப் பிசைந்தபடி தொடங்கிவிட்டான்.

"வெள்ளிக்கிழம சுபஹ் தொழுதிட்டுக் கார எடுத்தன், மாமி. கடலுக்கு மேலால பாலம், புதுசாத் திறந்தது. நடுக்கடல்ல வெச்சுப் பாஸ்போட்டுக்குச் சீல் குத்தினானுகள். பகல் சோறு பஹ்ரைன்ல. ராவு இஷாத் தொழுகைக்குத் திரும்பவும் சவூதி."

"அல்லாஹ்வே! ஒரே நாள்ல ரெண்டு நாடா!" என்றார் மாமி.

கறிச்சட்டிக்குள் மீன் தலை திசை மாறுவதைப் பளீல் கண்டான்.

"கார் யார்ர, மச்சான்?"

"எங்கட அறபி முதலாளிட. இரவலுக்குத் தந்தார்."

"இரவலா?" எல்லோருக்கும் கேட்கும்படி பளீல் அந்தச் சொல்லை மென்றான்.

"ஓம் மருமகன், நாடு தாண்டிப் போறவருக்குக் கார இரவல் குடுக்கிறதெண்டா அந்த அறபி எவ்வளவு நம்பிக்க வெச்சிருக்கணும்!" என்ற மாமி, மீன் தலையை ஷரிபுதீனின் பீங்கானில் வைத்தார். பிறகு அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றைச் செய்தார். "நாளைக்கு உங்கட காரயும் அவருக்குக் குடுங்களன். சம்மாந்துறைக்குப் போய் என்ட தங்கச்சியப் பாத்திட்டு வருவம்."

அறபியே கொடுத்த பிறகு கல்முனைக்காரன் மறுப்பது எப்படி? மறுநாள் முன் ஆசனத்தில் மாமி. தன் சொந்தக் காரில் முதல் தடவையாகப் பின் ஆசனத்தில் பளீல்.

ஷரிபுதீன் நன்றாகத்தான் ஓட்டினான். அதுதான் பளீலுக்குச் செரிக்கவில்லை. சாய்ந்தமருதைத் தாண்டியும் ஒரு பிழை இல்லை. 'யா அல்லாஹ், ஒரேயொரு சின்னப் பிழை' என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே வந்தான்.

காரைதீவுச் சந்தியில் அந்தத் துஆ கபூலானது, கேட்டது கிடைத்தது. சம்மாந்துறை வீதிக்குத் திருப்பிய ஷரிபுதீன், சவூதிப் பழக்கத்தில் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனான். எதிரே நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வந்துகொண்டிருந்தது.

பளீலின் மனம் குளிர்ந்தது. மாமி கண்ணாலேயே காணட்டும். அதற்குப் பிறகுதான் அது யாருடைய கார் என்பது அவன் நினைவுக்கு வந்தது.

"இடப்பக்கம்! இடப்பக்கம் எடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

ஷரிபுதீன் திடுக்கிட்டு வளைத்தான். உழவு இயந்திரம் தப்பியது. மொறிஸ் மைனர் இடது பக்கத்தையும் தாண்டி வயலுக்குள் இறங்கி நின்றது.

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்னால் திரும்பினார்.

"ஏன் மருமகன் இப்பிடிக் கத்தின? பிள்ள பதறிட்டாரே! நாடு விட்டு நாடு ஓட்டினவருக்கு நீங்களா வழி சொல்ற?"

"இல்ல மாமி, பிழை என்னிலதான். மச்சான் கத்தாட்டி மௌத்தாகியிருப்பம்" என்றான் ஷரிபுதீன்.

"பாருங்க அவர்ர குணத்த!" என்று மாமி உருகினார். "உங்கள விட்டுக்குடுக்கிறாரில்ல."

பளீல் இறங்கிப் போய்ச் சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்தான். "இறங்குங்க, நான் எடுக்கிறன்."

"அவரே எடுக்கட்டும்" என்றார் மாமி. "நீங்க பின்னால தள்ளுங்க."

பளீல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். அந்தக் காரைத் தள்ளுவது அவனுக்குப் பழக்கம்தான். இன்னொருத்தன் ஓட்டத் தள்ளுவதுதான் புதிது.