அக்கா ஒட்டிய பிரேக்

என் தம்பி நெல்வினுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். 2007-ஆம் வருஷம். வேறு வேலைக்கு மனு போடுகிறேன் என்று போனவன், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் சைக்கிளோடு மதில் மேல் தாவி ஏறுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தான். மனு போடவில்லை.

"காலத் தரையில வெக்கவே இல்லக்கா. நின்ன எடத்துலயே சைக்கிளோட குதிக்கிறான். படிக்கட்டு, சுவரு, கம்பின்னு எல்லாத்து மேலயும் போறான்."

"குரங்கு கூடத்தான் போகுது. அதுக்கு சைக்கிள் எதுக்கு?" என்றேன்.

அப்போது அவனுக்கு இருபத்தொன்று, எனக்கு இருபத்தாறு. அவன் ஐடிஐ முடித்துவிட்டு ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். நான் ஷூ கம்பெனியில், மேல் தோலோடு அடிப்பாகத்தை ஒட்டும் பேஸ்டிங் செக்‌ஷனில். அப்பா இல்லை. அம்மா ஆக்னஸ், மிஷன் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர். மூன்று பேரில் என் வாய்தான் ஜாஸ்தி. அவன் என்ன செய்தாலும் முதலில் கிண்டல் செய்வேன், பிறகு அதற்காக நான்தான் அலைவேன். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த மாதிரி சைக்கிள் எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது. ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சேர்க்க வேண்டும். பைபாஸ் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த ரஃபி அகமது பாயைப் பிடித்தான். ஒரு பழைய ஃப்ரேமின் பின்பக்கத்தைக் குட்டையாக வெட்டி வெல்டிங் வைத்தார்கள். பின்சக்கரம் உடம்புக்குக் கீழே வந்தால்தான் முன்சக்கரம் லேசாகத் தூக்குமாம். சீட்டை இறக்கி இறக்கிக் கடைசியில் பேருக்கு ஒரு துண்டு ரப்பர்தான் மிச்சம். சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து குட்டிப் பல்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டார்கள்.

"இதுல நீ இன்னிக்கு வேலைக்குக் கெளம்பினா மக்யா நாளுதான் போய்ச் சேருவ" என்றார் பாய்.

"தூரம் போறதுக்கு இல்ல பாய். அரை மிதி மிதிச்சா எகிறணும்."

ஃப்ரீவீலுக்கு மட்டும் மூன்று வாரம். சாதாரண ஃப்ரீவீலில் மிதித்த பிறகு கொஞ்சம் சும்மா சுற்றித்தான் பிடிக்கும். குதிக்கிறவனுக்கு அந்தக் கொஞ்சம் ஆகாது. பாய் நான்கு பழைய ஃப்ரீவீல்களைப் பிரித்து, உள்ளே பல்லைப் பிடிக்கிற சின்ன நாக்குகளில் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்து, கிரீஸ் இல்லாமல் மெல்லிய ஆயில் விட்டு மூடினார். ஹேண்டில்பாரை தினமும் சாயங்காலம் நெல்வின் கழற்றுவான். ஒரு நூல் அளவு முன்னால் தள்ளுவான், ஒரு நூல் அளவு பின்னால் இழுப்பான். பின் டயரில் காற்றைக் கம்மி செய்வான், முன் டயரில் ஏற்றுவான், வாசலில் நான்கு குதி குதிப்பான், மறுபடி ஸ்பேனரை எடுப்பான். "பொண்ணு பாக்கப் போறவன் கூட இவ்ளோ தடவ தலை சீவ மாட்டான்டா" என்பேன்.

எல்லாம் சரியாகி, பிரேக் மட்டும் சரியாகவில்லை. பின்சக்கரத்தில் மட்டும் நின்று குதிக்கும்போது சக்கரம் ஒரு துளி கூட உருளக் கூடாது. ரிம்மை சாணைக்கல்லால் சொரசொரப்பாக்கிப் பார்த்தார்கள். ஆனால் கடையில் விற்கிற பிரேக் கட்டை கல்லு மாதிரி இருந்தது, வழுக்கியது. மெத்தென்ற ரப்பர் வேண்டும். இரண்டு தடவை வழுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"அக்கா, உங்க கம்பெனியில சோலுக்குப் போடறீங்களே, அந்த ரப்பர் ஒரு துண்டு கெடைக்குமா?"

எனக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஆறு வருஷமாக அடிப்பாகம் ஒட்டுகிறேன், வீட்டில் யாரும் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லி சாம்பிள் ரப்பரில் வெட்டி எறிந்த துண்டும், ஒரு சின்ன டப்பாவில் சோல் ஒட்டுகிற சொல்யூஷனும் வாங்கி வந்தேன். கம்பெனியில் எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். கட்டையைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினேன், ரப்பரைத் துடைத்தேன், இரண்டு பக்கமும் இரண்டு பூச்சு போட்டுக் காய விட்டேன். பிறகு இஸ்திரிப் பெட்டிக்கு மேல் சூடு காட்டினேன். அந்த சொல்யூஷன் சூட்டில்தான் உயிர் பெறும். சூட்டோடு வைத்து அழுத்தி, ஆறவிட்டால் இரும்புப் பிடி. நான்கு கட்டைக்கும் அப்படி ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது என்று அவன் கையைத் தட்டிவிட்டேன்.

அந்த பிரேக் பிடித்தது. பாலாற்றில்தான் தண்ணீர் கிடையாதே, பாறை பாறையாகக் கிடக்கும். அங்கே ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் பின்சக்கரத்திலேயே தாவினான். சக்கரம் விழுந்த இடத்தில் அப்படியே நின்றது. பாய் கூட வந்து பார்த்துவிட்டு, ரப்பரை விரலால் நெருடி, "எங்க ஆளுங்களுக்குத் தெரியாத வேலை இது" என்றார். நெல்வின் எல்லோரிடமும் "எங்க அக்கா ஒட்டின பிரேக்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

2008 மே மாதம் சர்ச் வாலிபர் கூட்டத்தோடு வேன் வைத்து ஏலகிரி போனோம். சைக்கிளை வேன் மேல் கட்டிக்கொண்டு போனோம். ஏரிக்கரைப் படிக்கட்டில் அவன் ஏறி இறங்கியதைப் பார்த்து ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். திரும்பும்போது அவனுக்கு ஒரு ஆசை. மலையிலிருந்து பதினாலு வளைவையும் சைக்கிளிலேயே இறங்க வேண்டும். கூட்டத்துக்குப் பெரியவரான ஜெபராஜ் அண்ணன் வேண்டாம் என்றார். நெல்வின் என்னைப் பார்த்தான்.

"போகட்டும்ண்ணே. பிரேக்கு ஒட்டினது நானு. சும்மா கப்புன்னு நிக்கும்" என்றேன்.

அந்த சைக்கிளில் மிதித்துப் போக முடியாது, இறக்கத்தில் பிரேக்கை விடவும் முடியாது. மேலிருந்து பிடித்த பிடியை அவன் விடவே இல்லை. வேனில் பின்னாலேயே வந்தோம். பாதி வளைவுகளைத் தாண்டிய பிறகு அவன் வேகம் கூடியதைப் பார்த்தேன். வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தேன், சிரித்தேன் கூட. அடுத்த வளைவில் அவன் திரும்பவில்லை. நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் மோதினான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று ஆபரேஷன். உயிர் தங்கியது. இடது முழங்கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

விழுந்த அன்று அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, ஜெபராஜ் அண்ணன் சைக்கிளை எடுத்து வந்து வேன் ஓரமாகச் சாய்த்தார். நான் பார்த்தேன். நான்கு கட்டையில் மூன்றில் ரப்பர் இல்லை. கட்டையின் மேல் சொல்யூஷன் நூல் நூலாக இழுபட்டு நின்றது. அதை நான் தினமும் பார்க்கிறவள். கோணலாக ஒட்டிய அடிப்பாகத்தைப் பிரிக்க எங்கள் செக்‌ஷனில் என்ன செய்வோம்? ஹீட்டரில் வைப்போம். எழுபது டிகிரி தாண்டினால் தோசை மாதிரி உரிந்து வந்துவிடும். ஆறு வருஷமாக உரித்திருக்கிறேன். பிரேக் பிடித்தால் ரிம் சுடும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு தடவை கூட நினைக்கவில்லை. பாறையில் குதித்தபோது சக்கரம் ஓடவே இல்லை, அதனால் சூடே இல்லை. சூடு காட்டி ஒட்டினதை சூடே பிரித்துவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. அந்த நூல்களை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸ் பின்னால் போனேன்.

பாய் கேட்டார், "ரப்பர் எங்கம்மா?" என்று. விழுந்ததில் போயிருக்கும் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அம்மா அந்த சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள்.

வேனில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். கடைசியில் ஜெபராஜ் அண்ணன் சொன்னதுதான் நின்றது. "பயத்துல கைய விட்டுட்டான், பாவம்." நெல்வினும் அதைக் கேட்டான். முதலில், "இல்லண்ணே, புடிச்சேன்" என்றான். ஒரு மாதம் கழித்து, "புடிச்ச மாதிரிதான் இருந்துச்சி" என்றான். அப்புறம் அதுவும் இல்லை. யாராவது கேட்டால், "கை விட்டுடிச்சி" என்று அவனே சொல்ல ஆரம்பித்தான்.

கால் போனதைவிட அதுதான் அவனைத் தின்றது. கம்பு ஊன்றி நன்றாகவே நடந்தான், ஆனால் ரோட்டைக் கடக்க மாட்டான். ஸ்கூட்டரில் பின்னால் ஏற மாட்டான். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனி உட்கார்ந்து செய்கிற வேலைக்குக் கூப்பிட்டது, மிஷின்களைப் பார்த்துக்கொள்ள. போக மாட்டேன் என்றான். "சமயத்துல என் கை விட்டுடும்க்கா. என்ன நம்பி மிஷின வெக்கக் கூடாது." நான் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சர்ச் பின்னால் போய் அழுதேன். சொன்னால் என்னை வெறுப்பானே என்று பயம். நோயாளியிடம் எதற்கு, குணமாகட்டும், பண்டிகை போகட்டும் என்று நாளைத் தள்ளினேன். ஒன்றரை வருஷம் அப்படித் தள்ளினேன்.

ராணிப்பேட்டைக் கம்பெனி இரண்டாவது தடவை ஆள் அனுப்பியது. அன்றும் வேண்டாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஆராதனை முடிந்து இன்னும் வரவில்லை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் கழன்றது, நூல் இழுத்தது, நான் சுரண்டியது, எதையும் விடவில்லை.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"எத்தினி டிகிரில உரியும்?"

"எழுவது."

கணக்குப் போடுகிற மாதிரி சுவரைப் பார்த்தான். "அந்த எறக்கத்துல ரிம்மு அதத் தாண்டியிருக்கும். கண்டிப்பாத் தாண்டியிருக்கும்." தன் வலது கையைப் பார்த்தான். "அப்போ நான் புடிச்சிதான் இருந்தேன்."

"புடிச்சிதான்டா இருந்த. கடைசி வரைக்கும் புடிச்ச."

அவன் சிரித்தான். ஒன்றரை வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வலது கையை விரித்து, மூடி, விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், வெட்கம் கெட்டவள்.

பிறகு கேட்டான், "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா?"

"ரோட்டுலயே."

அவன் முகம் மெல்ல மாறியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மிக்ஸியின் திருகுகளை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தான்.

"காலப் பத்தி உன்ன ஒண்ணும் கேக்கல. ரப்பர் கேட்டது நானு, ஒட்டித் தந்தது நீ, ரெண்டு பேரும் யோசிக்கல. அத விடு" என்றான். "பயந்தவன்னு நெனச்சிக்கிட்டு நான் தெனம் செத்துட்டு இருந்தேன். நீ பக்கத்துலதான் இருந்த. சோறு போட்டுக்கிட்டு இருந்த."

அடுத்த வாரம் ராணிப்பேட்டை வேலையில் சேர்ந்தான். பஸ்ஸில் தனியாகத்தான் போனான், ரோட்டை அவனே கடந்தான். இப்போது வாலாஜாபேட்டையில் ரூம் எடுத்து இருக்கிறான். கம்பெனியில் அவனை நம்பிப் பெரிய மிஷினையே விட்டிருக்கிறார்களாம். எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.