போர்வைக்குள் பலோமா

பலோமாவின் உயிருக்கு டாக்டர் சொன்ன விலை ஆயிரத்து அறுநூற்று ஐம்பது டாலர். சான் அன்டோனியோ வாரச்சந்தையில் இருபத்திரண்டு வருடமாகப் பழைய சாமான் விற்கிற ஹெர்லிண்டாவுக்கு, யார் எந்த விலை சொன்னாலும் நாக்கு தானாகப் பாதிக்குக் கேட்கும். பல் பிடுங்கப் போன இடத்தில்கூடக் கேட்டிருக்கிறாள். அன்று மட்டும் நாக்கு எழவில்லை. மேசைமேல் துண்டுக்குள் கிடந்த பச்சோந்தி, வயிறு புடைத்து, கண்கள் குழிந்து, காய்ந்த பாகற்காய் நிறத்தில் இருந்தது. வாங்கும்போது அதன் விலை நாற்பது டாலர். அறுபதிலிருந்து இறக்கியவள் மகள் யெசேனியா, அம்மாவின் ரத்தம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினாள். வயிறு முழுக்க அவரைவிதை அடுக்கியதுபோல முட்டைகள்.

“முப்பத்திநாலு இருக்கு. ஆண் சேராமலே முட்டை வைக்கிற ஜாதி இது. குஞ்சு பொரிக்காது. ஆனா வெளிய வந்தே ஆகணும். மணல் வாளி வச்சீங்களா?”

“வச்சேன். முழங்கை ஆழத்துக்கு, ஈர மணல்.”

“தோண்டிச்சா?”

“ரெண்டு நாளா தோண்டுது. பாதிக் குழியோட விட்டுட்டு மேல ஏறிடுது.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“எங்க போவேன்? எதிர்லயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். கண்ண எடுக்கல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். “அதாங்க விஷயமே. யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சா அது குழிய விட்டுடும். முட்டைய உள்ளயே அடக்கிக்கும், அடக்கியே செத்தும் போகும்.” கால்சியம் ஊசி போட்டாள். “கூண்ட மூடிட்டு வெளிய போயிடுங்க. திங்கக்கிழமை காலைல திறங்க. அதுவரைக்கும் எட்டிக்கூடப் பாக்காதீங்க. எல்லா முட்டையும் வரலைன்னா நான் சொன்ன விலைக்கு ஆபரேஷன்தான்.”

அன்று வெள்ளிக்கிழமை.

பார்க்காமல் இருப்பது ஹெர்லிண்டா கற்றுக்கொள்ளாத தொழில். அவள் கடையில் ஸ்பேனர், சுத்தியல், கைப்பிடி போன வாணலி எல்லாம் திறந்து கிடக்கும். ஒரு கண் வாங்குகிறவனின் முகத்தில், மற்றது அவன் கூட வந்தவனின் கையில். பச்சோந்திக்கும் அப்படித்தான் கண்கள், ஒன்று கிழக்கே போனால் ஒன்று மேற்கே. போதை மீட்புச் சிகிச்சை இல்லத்துக்குப் போகும்போது மகள் கூண்டைக் கையில் கொடுத்த நாளிலிருந்தே அவளும் பலோமாவும் ஒருவரையொருவர் வியாபாரிகள்போல எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதம். இன்னும் மூன்று வாரத்தில் யெசேனியா வீடு திரும்புவாள். அவள் போட்ட ஒரே நிபந்தனை, பலோமா உயிரோடிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியலில் கூண்டின்மேல் சொட்டுத் தண்ணீர்ப் புட்டியை நிரப்பி, பழைய போர்வையால் நாலு பக்கமும் மூடி, கதவைச் சாத்திவிட்டுச் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்து அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பியது. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் வலிக்கும், இடுப்பு வலிக்கும். பார்க்காமல் இருந்தால் கண் வலிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிறன்று பக்கத்துக் கடை சோன், பெல்ட்டு வியாபாரி, சோளரொட்டியை மென்றுகொண்டே வந்தான்.

“என்னம்மா, பிரசவம் ஆச்சா? மாப்பிள்ளையே இல்லாம வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குதாமே உன் பல்லி?”

“மாப்பிள்ளை இருந்து மட்டும் எனக்கு என்னய்யா வாழ்ந்தது? போய் உன் பெல்ட்டப் பாரு. ஒருத்தன் விலை கேக்காமலே இடுப்புல மாட்டிட்டு நடக்கறான் பார்.”

சோன் ஓடினான். சரியாக நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சிகிச்சை இல்லத்திலிருந்து வாரத்துக்குப் பத்து நிமிடம்தான் பேசலாம்.

“அம்மா, பலோமா எப்படி இருக்கா?”

நன்றாயிருக்கிறாள் என்று சொல்ல வாய் திறந்தவள், எதனாலோ, “முட்டை அடைச்சுக்கிச்சுடி” என்றாள்.



“நீ எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தியா?”

“யார் சொன்னா?”

“யாரும்மா சொல்லணும்? பாத்ரூம் கதவுக்கு அடியில உன் செருப்பு தெரியும். உள்ள உக்காந்து அதையே பாத்துட்டிருப்பேன். மணிக்கணக்கா.”

ஹெர்லிண்டா ஒரு சுத்தியலை எடுத்து, அதே இடத்தில் வைத்தாள். “பாக்காம விட்டது ஒரே ஒரு நாள்தான் கண்ணு. சந்தைல கூட்டம்னு லேட்டா வந்தேன். அன்னிக்குத்தான் நீ அந்தத் தரையில நீலமாக் கிடந்த.”

“தெரியும்மா.”

“அப்ப நான் என்னதான் செய்யணும்? நீயே சொல்லு.”

“எனக்கும் தெரியலம்மா.” மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. “போர்வைய மட்டும் தூக்காத.”

மிச்ச நேரம் முழுக்க ஹெர்லிண்டா தொலைபேசியைச் சந்தைப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தாள். சந்தை இரைச்சலை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் முடிந்ததும் இணைப்பு தானாக அறுந்தது.

திங்கட்கிழமை காலை காப்பிகூடக் குடிக்காமல் அறை வாசலில் நின்றாள். நீலமாகக் கிடந்தால் என்ற நினைப்பு வந்தது. பச்சோந்தி செத்தால் என்ன நிறமாகும் என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். போர்வையை இழுத்தாள்.

வாளியில் குழி மூடி, மணல் உள்ளங்கையால் தட்டியதுபோலச் சமமாக இருந்தது. பலோமா மேல்கிளையில், மண் ஒட்டிய முகத்தோடு, துவைத்துப் பிழிந்த துணியாகத் தொங்கியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். நாக்கை நீட்டி இலையிலிருந்த ஒரு சொட்டை எடுத்தது.

ஹெர்லிண்டா தரையில் உட்கார்ந்து கரண்டியால் மணலை வழித்தாள். வெள்ளையாக, ஈரமாக, ஒவ்வொன்றாக வந்தன. செய்தித்தாளில் பத்துப் பத்தாக வரிசை பிடித்தாள். மூன்று வரிசை, நாலாவதில் ஒன்று. வாளியை வேறொரு தாளில் கவிழ்த்து விரலால் அளைந்தாள். வெறும் மணல். முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

தாளில் முப்பத்தொன்று. மேலே, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணை அவள்மேல் வைத்திருந்த பலோமாவிடம் மூன்று பாக்கி.