குழாயடியில் துவைத்த போர்வை

கொழுந்தனுக்கு வயிற்றோட்டம் என்றதும் தையற்காரி முதலில் திட்டத்தான் செய்தாள். "போன இடத்துல கண்டதையும் தின்னுட்டு வந்தா வயிறு சும்மா இருக்குமா?"

பாலம் கட்டும் வேலைக்கு வெளியூர் போயிருந்தவன் அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். தெருவில் அவனுக்கு நெட்டை என்று பெயர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவன் வீட்டுக்குள் நுழைந்ததே கிடையாது. அந்த ஆள் மதியத்துக்குள் துவண்ட துணியாகச் சுருண்டுவிட்டான். காய்ச்சல் இல்லை, பெரிதாக வலியும் இல்லை. ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எழுந்து ஓடத் தெம்பில்லாமல் படுத்த இடத்திலேயே போனது. அரிசி கழுவிய தண்ணீரைப் போல வெளுத்த நீர்.

"அண்ணி, கால் இழுக்குது அண்ணி..." என்று முனகினான். தொட்டுப் பார்த்தாள். கெண்டைக்கால் சதை கல்லாக முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் ஒரு வண்டியைப் பிடித்துத் தம்பியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

இருப்பதோ ஒரே அறை. தையல் மெஷின், தைக்க வந்த துணி மூட்டைகள், அடுப்பு, படுக்கை எல்லாம் அதற்குள்தான். நனைந்த போர்வையையும் விரிப்பையும் அங்கே வைத்திருக்க முடியாது. அவற்றை வாளியில் அமுக்கிக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போய்த் துவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளில்லை. வாய் மூடாமல் பேசுவதால் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"விடுடி, நீ ஒருத்தியா பிழிஞ்சா இடுப்பு கழண்டுடும்" என்று போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள் ரேடியோ. "உன் கொழுந்தன் நீளத்துக்குப் போர்வை வாங்கியே உன் புருஷன் தலையில துண்டு விழுந்துடும் போல!"

தையற்காரிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பிழிந்த தண்ணீர் சிமெண்டு மேடையின் வெடிப்பு வழியாக மண்ணுக்குள் இறங்கியது. அது எங்கே போகிறது என்று இருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெட்டைக்கு உயிர் வந்திருந்தது. இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி பாட்டில் பாட்டிலாகத் திரவம் இறக்கியிருந்தார்கள். இப்போது உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அவனே குடித்துக்கொண்டிருந்தான். கட்டிலின் நடுவில் ஓட்டை, அதற்குக் கீழே வாளி. வார்டு முழுக்க அப்படித்தான்.

"என்னம்மா இது? இவ்வளவு பெரிய ஆம்பளையை ஒரே நாள்ல இப்படிப் போட்டுடுச்சு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்த அந்த அம்மாள் பொறுமையாகவே சொன்னார். "காலராம்மா. இந்தக் கிருமி சதையைத் தின்னாது. சிறுகுடல் சுவர்ல ஒட்டிக்கிட்டு ஒரு விஷத்தைக் கக்கும். உடனே குடல் திறந்துவிட்ட குழாய் மாதிரி ஆயிடும். ரத்தத்துல இருக்கற தண்ணியும் உப்பும் அப்படியே வெளிய கொட்டும். ரத்தம் சுண்டிப்போனா இதயம் எதைத் தள்ளும்? சிறுநீரகம் எதை வடிகட்டும்? போனதைத் திருப்பி ஊத்திக்கிட்டே இருந்தா ஆள் பிழைச்சுக்குவாங்க. லேட்டானா கஷ்டம்."

"இது எப்படி வரும்மா?"

"நோயாளிக்கிட்டயிருந்து வெளிய போற அந்தத் தண்ணியில கிருமி கோடிக்கணக்குல இருக்கும். அது குடிக்கற தண்ணியில கலந்தா போதும். ஆமா, இவர் துணியையெல்லாம் எங்க துவைச்சீங்க?"

குழாயடியும் போர்வையின் மறுமுனையைப் பிடித்த ரேடியோவும் அவள் நினைவுக்கு வந்தார்கள்.

"வீட்டுலதாம்மா" என்றாள்.

அந்தப் பொய்யைச் சொன்ன வாயோடு வீட்டுக்கு விரைந்தாள். ரேடியோவின் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ரேடியோ தரையில் கிடந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன, விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. காலையிலிருந்தே போயிருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிடந்திருக்கிறாள். ஒரே மகள் செருப்புக் கடை வேலைக்குப் போயிருந்தாள். என்னவோ சொல்ல வந்தாள் ரேடியோ. உதடுதான் அசைந்தது, குரல் எழும்பவில்லை. அவள் கையைப் பிடித்து விட்டபோது தோல் கிள்ளியதுபோல் மடிந்தே நின்றது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அங்கே நரம்பு கிடைக்கவில்லை. நர்சு குத்திக் குத்திப் பார்த்து ஒருவழியாக ஊசியை ஏற்றினாள். தையற்காரி அவள் தலைமாட்டிலேயே நின்றாள். அதே சாயங்காலம் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்தது. எல்லோரும் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த தையற்காரி, குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியவள், சொல்லவில்லை. ரேடியோவுக்கு என்ன நோய் என்று யாரோ ஒருத்தி கேட்டதற்கும், "இன்னும் ஒண்ணும் தெரியல" என்று மழுப்பிவிட்டாள்.

பொழுது விடிந்தபோது தெருவில் இன்னும் சில வீடுகளில் கதவு திறக்கவில்லை; உள்ளே வயிற்றோட்டம். ரேடியோவின் மகளும் படுத்துவிட்டாள். கடைத் தண்ணீர்தான் காரணம் என்று ஆத்திரம் தெருமுனை டீக்கடைக்காரன் மேல் திரும்பியது. அவன் பாய்லரைக் கவிழ்த்துவிட்டு, சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் விலக்கிவிடப் பார்த்தார். யாரும் கேட்கிறாற்போல் இல்லை.

"அவரை விடுங்க" என்றாள் தையற்காரி. ஒருத்தரும் திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். "அவரை விடுங்கய்யா! நோய்த்துணியைக் குழாயடியில துவைச்சது நான்தான்!"

டீக்கடைக்காரன் சட்டையைப் பிடித்திருந்த கைகள் விட்டன. பிறகு யாரோ அவளைக் கேட்கக் கூசுகிற வார்த்தையால் திட்டினார்கள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் மட்டும் ஆளை வைத்து மேடையை உடைக்கச் சொன்னார். அடியில் குழாய் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் நிற்கிற வேளைகளில் காலிக் குழாய் சுற்றியிருந்த சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. அன்றே குழாயை அடைத்தார்கள். குளோரின் போட்ட தண்ணீர் லாரியில் வந்தது.

ரேடியோ பிழைக்கவில்லை. பாட்டில்கள் இறங்கியும் அவளுக்குச் சிறுநீர் பிரியவே இல்லை. வீட்டுக்குக்கூடக் கொண்டுவராமல், இறுகச் சுற்றிய உடலை ஆஸ்பத்திரிக்காரர்களே கொண்டுபோனார்கள்.

வார்டில் இடம் இல்லாததால், குடிக்க முடிந்தவர்களை மருந்துப் பொட்டலங்களோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மகளைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. தையற்காரிதான் போனாள். கொதித்து ஆறிய தண்ணீரில் பொட்டலத்தைக் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடியும் ஊட்டினாள். வாளியைத் தூக்கிப்போய் பிளீச்சிங் பவுடர் கொட்டி, தன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அந்தப் பெண் கேட்டாள். "தண்ணி வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாமே அத்தை?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"பயந்துட்டேம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "எங்கம்மாவா இருந்தா உங்களைத் திட்டித் தீர்த்துட்டு மறந்துடுவாங்க. எனக்கு அந்த மனசு கிடையாது."

"வேண்டாம். நீ இதை மட்டும் குடி."

அவள் குடித்தாள். மறுவாரம் எழுந்து நடமாடியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. தையற்காரி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்குப் போகலாமா என்று நினைத்தாள். போகவில்லை.