எட்டு மணி நேரம் நிற்கிற கால்

பின்பக்கத்துக் கேட்டில் வாட்ச்மேன் மூன்று பாஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் உடம்பின் மொத்தப் பாரத்தையும் வலது காலில் போட்டு, ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு வருடமாகத் தினமும் பார்க்கிற வாட்ச்மேன்தான்.

"இந்த வழியா விட முடியாதுப்பா. இன்னைக்கு நீ ஸ்டாஃப் இல்ல, விருந்தாளி. முன்வாசலுக்குப் போ."

"முன்வாசல் எந்தப் பக்கம்ணே?"

வாட்ச்மேனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எட்டு வருஷமா இங்க குப்பை கொட்டறீங்க. வாசல் எதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

தெரியாதுதான். மோட்டார் அறையும் தண்ணீர்க் குழாய்களும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அந்தத் தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டரில் ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, நெஞ்சுக்குக் குறுக்கே இறங்கும் இரும்புக் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது அவன் வேலை. ஒரு ஓட்டத்துக்கு இருபத்து நாலு கம்பி. அதனால் அங்கே அவனுக்குப் பெயரே கம்பிதான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் மழை ஈரத்தில் நடைமேடையில் வழுக்கி, இடது முட்டி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று விழுந்தான். ஜவ்வு கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கம்பெனி ஆறு வாரம் கொடுத்தது. திங்கட்கிழமை வந்தால் வேலை இருக்கும். வராவிட்டால் பதிலுக்கு வந்திருக்கிற ஆளுக்கே அது நிரந்தரம். வியாழக்கிழமை ஆபீஸுக்குப் போய், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய எனக்கு எந்தத் தடையும் இல்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டுச் சுவரோரம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று பழகுகிறான். நேற்று இருபத்து மூன்று நிமிடம் நின்றான்.

தொழிலாளிகளின் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இலவசம். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவனுக்கு ட்யூட்டி விழும். இந்த வருடம்தான் லீவில் இருக்கிறான். தொழிலாளி கூட வந்தால்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். நாலாவது படிக்கிற மகளோ ஒரு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. சரி, போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டான்.

சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து முன்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் முட்டி விண்விண் என்று தெறித்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் கவுண்டரை விட்டு இறங்கி அவனிடம் ஓடி வந்தாள். வேலைக்குப் புதிது போலிருக்கிறது. அவனை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சார், இவ்ளோ கஷ்டப்பட்டு ஏன் சார் நடக்கறீங்க? வீல்சேர் தரோம் சார். வரிசையிலயும் நிக்க வேண்டாம், நேரா உள்ள விட்டுடுவாங்க."

யாரைச் சார் என்கிறாள் என்று அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"நமக்கெல்லாம் தருவாங்களாம்மா?"

"எல்லாருக்கும்தான் சார். உங்களால பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க முடியுமா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் லாண்டரியில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். நிற்பது என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "இவரு எங்கேம்மா நிக்கறாரு. சும்மா போடும்மா" என்றாள். பெண் ஒரு தாளில் டிக் அடித்தாள், பாஸில் இருந்த அவன் ஸ்டாஃப் எண்ணை எழுதினாள், கையெழுத்து வாங்கினாள். நீல நிற அட்டை ஒன்றை அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

வேலைக்குச் சொன்னது வேலைக்கு, விருந்தாளிக்குச் சொன்னது விருந்தாளிக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான். அது பின்கேட், இது முன்வாசல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு நடந்தது எதுவும் அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மனைவி தள்ளினாள், மகள் முன்னால் ஓடி ஓடி "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினாள். கயிற்றுத் தடுப்புகள் விலகின. வெயிலில் நின்றவர்கள் முறைத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முகத்தை வைத்துக்கொண்டார்கள். வேலை நேரத்தில் விருந்தாளிகளோடு அரட்டை கூடாது என்பது சட்டம். ஒருவன் மட்டும் குனிந்து ஷூ கயிறு கட்டுகிற மாதிரி, "என்ன கம்பி, ராஜா மாதிரி வர்றே" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான்.

ரோலர் கோஸ்டரில் மகளும் மனைவியும் ஏறினார்கள். அவன் கீழே நாற்காலியில் இருந்தபடி பார்த்தான். பதிலுக்கு வந்த ஆள் அவன் வயதுக்காரர்தான், முன்நெற்றியில் வழுக்கை. ஒவ்வொரு கம்பியாக இழுத்துக்கொண்டு வந்தவர், மகளின் கம்பியை மட்டும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, சரியா என்று கேட்கிற மாதிரி கட்டைவிரலைக் காட்டினார். அவனும் பதிலுக்குக் காட்டினான். நல்ல மனுஷன்தான், பாவம் என்று தோன்றியது. இந்த ஆள் நன்றாக வேலை செய்கிறாரே என்றும் தோன்றியது.

மகள் இறங்கி வந்து மூச்சு வாங்கினாள். "அப்பா, உனக்கு எப்பவும் இப்படியே கால் வலிச்சா எவ்ளோ ஜாலியா இருக்கும்!"

"வாயைக் கழுவு" என்று மனைவி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

படகுச் சவாரிக்குப் போகிற வழியில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். கையில் போன். அவனைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"என்ன கம்பி, இது என்ன கோலம்?"

"பாப்பா ஆசைப்பட்டுச்சு சார்."

"அது சரி. ஆபீஸ்ல இருந்து எனக்கு போன். உன் நம்பர்ல ரெண்டு பேப்பர் ஒரே மேஜைக்கு வந்திருக்காம். ஒண்ணுல எட்டு மணி நேரம் நிப்பேன்னு இருக்கு. இன்னொண்ணுல பத்து நிமிஷம் நிக்க முடியாதுன்னு இருக்கு. ரெண்டுலயும் உன் கையெழுத்து. எது பொய்?"

அவன் யோசித்தான். இரண்டிலும் பொய் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை.

"வேலைன்னா நிப்பேன் சார். இது சும்மா சுத்திப் பாக்கறதுதானேன்னு..."

"வேலைக்கு நிக்கற காலு வேற, வேடிக்கை பாக்கற காலு வேறயா?"

கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எங்கேயோ இடித்தது. எங்கே என்று அவனுக்கு விளங்கவில்லை.

"அந்தப் பொண்ணுதான் சார் எழுதிச்சு. நாங்க கேக்கவே இல்ல" என்றாள் மனைவி.

"அம்மா, உங்க மேல தப்பு சொல்லலம்மா. முடியலன்னா திங்கட்கிழமை எதுக்கு வரான்னு கேக்கறாங்க. முடியும்னா, ஊனமுத்தவங்களுக்கு இருக்கற வசதியை ஏமாத்தி வாங்கிட்டான்னு சொல்றாங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் சீட்டு கிழிஞ்சுடும்."

"அப்ப இப்பவே வீட்டுக்குப் போயிடறோம் சார்" என்றான் அவன்.

"இப்பப் போனா, முடியலன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். அவர் முகத்திலும் குழப்பம்தான் இருந்தது. "உனக்காகத்தான் சொல்றேன். கார்டை என்கிட்ட குடு. வண்டியைத் திருப்பி விட்டுடு. பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் எல்லாரையும் மாதிரி வரிசையில நில்லு. மேல கேமரா இருக்கு. யாராவது கேட்டா, ஏதோ கொஞ்ச நேரம் ஆசைக்கு உக்காந்தான், மத்தபடி நல்லாத்தான் நிக்கறான்னு நான் காமிச்சுக்கறேன்."

"எந்த வரிசை சார்?"

"பெரிய வரிசையா பாத்து நில்லு."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதை வாங்கியவர் உதவுகிறாரா, மாட்டிவிடுகிறாரா என்று அவனால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

படகுச் சவாரி வரிசையின் கடைசியில் ஒரு பலகை: இங்கிருந்து எண்பது நிமிடம்.

முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. மகள் எதிரில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உனக்குச் சரியாயிடுச்சா?"

"ஆமாம்."

"அப்ப காலையில ஏன் வண்டியில உக்காந்தே?"

"காலையில வலிச்சுது."

"இப்ப வலிக்கலயா?"

"பேசாம நில்லு தங்கம். மேல பாத்துச் சிரி, போட்டோ எடுக்கறாங்க."

அவள் கூரையைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். அவனும் காட்டினான். அரை மணி நேரம் ஆனபோது முட்டி பேண்ட்டுக்குள் இறுகியது. கால்சட்டைத் துணியைக் கிள்ளித் தளர்த்தினான். தடுப்புக் கம்பியில் கையை ஊன்றினால் கொஞ்சம் தேவலை. ஆனால் ஊன்றினால் மேலே இருந்து எப்படித் தெரியுமோ என்று உடனே எடுத்துவிட்டான். தண்ணீர்ச் சத்தம் காதை அடைத்தது. பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எட்டு மணி நேரம் என்றால் இந்த மாதிரி பதினாறு அரை மணி என்று கணக்குப் போட்டவன், அதோடு நிறுத்திக்கொண்டான்.

பின்னால் இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு அம்மா வெகுநேரமாக அவனைக் கவனித்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க. முகமெல்லாம் வேர்த்து ஊத்துது. கால்ல அடியா?"

"இல்லைங்க. சும்மா பிடிப்பு."

"பிடிப்பு மாதிரியா இருக்கு? ஒரே பக்கமா வீங்கியிருக்கே. ஏங்க, வாசல்ல ஒரு கவுண்டர் இருக்கு. முடியாதவங்களுக்கு வண்டி தராங்க, வரிசையே கிடையாதாம். காலையில கூட ஒருத்தரை வண்டியில வச்சு ஜம்முனு தள்ளிட்டுப் போனாங்க, நானே பாத்தேன். போய்க் கேளுங்க. நான் பாப்பாவைப் பாத்துக்கறேன்."

அவன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான். "பரவாயில்லைங்க."

மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஆன்ட்டி, எங்கப்பா இங்கதான் வேலை பாக்கறாரு!"

"அட, அப்படியா!" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்னங்க தயக்கம்? வந்துபோற எங்களுக்கே இவ்ளோ செய்யறாங்க. சொந்த ஆளை நிக்க விட்டுடுவாங்களா?"

முன்னால் தடுப்பு திறந்து வரிசை நகர்ந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அவன் மகளின் தோளில் கை வைத்து, நல்ல காலை முதலில் எடுத்து வைத்தான். மற்றதை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு, சிரித்த முகமாகவே நாலு அடி நடந்து நின்றான்.